மீள்விளையாடல் (நிகழ்பட ஆட்டம்)

மீள்விளையாடல் என்பது ஒருமுறை முழுமையாக ஆடி முடித்த நிகழ்பட ஆட்டமொன்றை அதே ஆட்டக்காரர் மீண்டும் ஆடுவதைக் குறிக்கும். ஓர் ஆட்டம் இவ்வாறு மீண்டும் ஆடத் தூண்டும் அளவு அதன் மீள்விளையாட்டு மதிப்பு எனப்படுகிறது. ஆட்டங்களைத் திறனாய்வு செய்யும் இதழ்கள் வரைகலை, ஒலி, கட்டுப்பாடு ஆகியவற்றுடன் இதனையும் ஓர் அளவுகோலாகக் கொள்வது வழக்கம்.

நூலையோ திரைப்படத்தையோ மீண்டும் நாடுபவர் மாறாத ஒரு படைப்பையே எதிர்கொள்கிறார். நிகழ்பட ஆட்டத்தில் ஆட்டக்காரரின் செயலுக்கு ஏற்பப் படைப்பே வேறுபடக்கூடும். ஆகவே மீண்டும் ஆடுவதன் இன்பம் பழகியதைத் திரும்பக் காண்பதால் மட்டுமன்றி, திறன் வளர்வதாலும், ஆட்டம் புதிதாக மாறுவதாலும் உண்டாகிறது. மறுபுறம், நூலைப் போலன்றி நிகழ்பட ஆட்டத்தை மீண்டும் ஆடுவதற்கு அதற்குரிய வன்பொருள், மென்பொருள், சில வேளைகளில் வழங்கிக் கணினி ஆகியனவும் இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும். இதனால் மீள்விளையாடல் என்பது இரசனை சார்ந்த பொருளாக மட்டுமன்றி, எண்ணிமப் பாதுகாப்பு, நுகர்வோர் உரிமை ஆகியவை சார்ந்த பொருளாகவும் உள்ளது.

இருவகை ஆட்டங்கள்

டென்மார்க்கைச் சேர்ந்த ஆட்டவியல் ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2002ஆம் ஆண்டில் நிகழ்பட ஆட்டங்களின் அமைப்பை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். மீள்விளையாடலைப் புரிந்துகொள்ள இப்பகுப்பு பெரிதும் உதவும்.

- விதிவழி விரியும் ஆட்டங்கள்: சில எளிய விதிகள் ஒன்றோடொன்று இணைந்து எண்ணற்ற நிலைமைகளை உருவாக்கும். சதுரங்கம், தாயம் போன்ற மரபு விளையாட்டுகள் அனைத்தும் இவ்வகையின. நிகழ்பட ஆட்டங்களில் டெட்ரிஸ், சிவிலைசேசன் ஆகியவை எடுத்துக்காட்டுகள்.
- படிப்படியாக முன்னேறும் ஆட்டங்கள்: உருவாக்குநர் முன்கூட்டியே வரிசைப்படுத்திய நிகழ்வுகளை ஆட்டக்காரர் ஒவ்வொன்றாகக் கடப்பார். சாகசக் கதை ஆட்டங்கள் பலவும் இவ்வகையின.

முதல்வகை ஆட்டங்களை "ஆடி முடித்தல்" என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. சதுரங்கத்தை யாரும் ஒருமுறை ஆடிவிட்டு முடிந்தது என்று எடுத்து வைப்பதில்லை. மீள்விளையாட்டு மதிப்பு என்ற கேள்வி இரண்டாம் வகையின் வளர்ச்சிக்குப் பின்னரே பெரிதும் எழுந்தது. நடைமுறையில் பல ஆட்டங்கள் இவ்விரு இயல்புகளையும் கலந்து கொண்டுள்ளன.

வரலாறு

காசு ஆட்டங்களின் காலம்

1970களின் இறுதியில் பொது இடங்களில் வைக்கப்பட்ட காசு ஆட்டப் பொறிகளுக்கு மீள்விளையாடலே வணிக அடிப்படையாக இருந்தது. ஒவ்வோர் ஆட்டமும் சில நிமிடங்களில் தோல்வியில் முடியும். மீண்டும் ஆட மீண்டும் காசு இடவேண்டும். டைட்டோ நிறுவனத்திற்காகத் தொமோகிரோ நிசிகாடோ உருவாக்கி 1978இல் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், அதுவரை எட்டப்பட்ட உயர்ந்த புள்ளியைத் திரையிலேயே காட்டியது. அடாரி நிறுவனத்தின் ஆஸ்டிராய்ட்ஸ் (1979) உயர்புள்ளி பெற்றவர் தம் பெயரின் மூன்று எழுத்துகளைப் பதியவும் இடமளித்தது. மின்சாரத்தை நிறுத்தியதும் அப்பட்டியல் அழிந்துவிடும் என்றபோதும், அறிமுகமற்றவர்களுக்கிடையே அது போட்டியை உண்டாக்கியது.

நாம்கோ நிறுவனத்தின் பேக்-மேன் (1980) மீள்விளையாடலின் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. இதிலுள்ள நான்கு பேய்களும் ஒவ்வொன்றும் தனக்குரிய நிலையான விதியின்படி நகர்பவை. அவை அஞ்சி ஓடும்போது திரும்பும் திசை போலித் தற்போக்கு எண்களால் முடிவு செய்யப்பட்டாலும், அவ்வெண் வரிசை ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் ஒரே நிலைக்குத் திரும்புகிறது. எனவே ஆட்டக்காரர் ஒரே பாதையில் பிழையின்றிச் சென்றால் பேய்களும் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகவே நகரும். இதனை அறிந்தவர்கள் பாதைகளை மனப்பாடம் செய்து மணிக்கணக்கில் ஆடினர். கட்ட எண் ஒரே பைட்டில் சேமிக்கப்பட்டதால் 256ஆம் கட்டத்தில் கணக்கு நிரம்பி வழிந்து திரையின் வலப்பாதி சிதைந்துவிடும். அதற்கு மேல் செல்ல இயலாது. அதுவரை எட்டக்கூடிய முழுப்புள்ளி 33,33,360 ஆகும். பின்னர் வந்த மிஸ் பேக்-மேன் ஆட்டத்தில் இவ்வாறு மனப்பாடம் செய்வதைத் தடுக்கும் பொருட்டுப் பேய்களின் நகர்வில் தற்போக்குத் தன்மை சேர்க்கப்பட்டது.

வீட்டு ஆட்டப் பொறிகளின் காலம்

வீட்டில் ஆடும் பொறிகள் பரவியபோது நிலைமை தலைகீழானது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய ஆட்டம் நீண்டநாள் பயன்படவேண்டும் என்பது வாங்குபவரின் எதிர்பார்ப்பு. ஆனால் நினைவகப் பேழையின் கொள்ளளவோ மிகச் சிறியது. இருக்கும் இடத்தையே மீண்டும் பயன்படுத்தும் உத்திகள் இதனால் தோன்றின. நின்டெண்டோவின் தி லெசண்ட் ஆஃப் செல்டா (1986) ஆட்டத்தை முடித்தவர்களுக்கு, நிலவறைகளின் இடமும் அமைப்பும் மாற்றப்பட்ட "இரண்டாம் தேடல்" திறக்கும். அதே ஆண்டில் வெளிவந்த மெட்ராய்ட், ஆட்டத்தை எவ்வளவு விரைவாக முடிக்கிறோம் என்பதைப் பொறுத்து வேறுபட்ட முடிவுகளைக் காட்டியது. கவசம் அணிந்த நாயகர் ஒரு பெண் என்பது விரைந்து முடித்தவர்களுக்கு மட்டுமே தெரியவந்தது.

இசுக்குவேர் நிறுவனத்தின் குரோனோ டிரிகர் (1995) "புதிய ஆட்டம் +" என்ற முறைக்கு அப்பெயரைத் தந்தது. முதல்முறை ஈட்டிய வலிமையுடனும் பொருள்களுடனும் கதையை முதலிலிருந்து தொடங்க இது வழிசெய்தது. இறுதி எதிரியைக் கதையின் எப்பகுதியில் வெல்கிறோம் என்பதற்கேற்பப் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இதில் உள்ளன. காப்காம் நிறுவனத்தின் ரெசிடெண்ட் ஈவில் 2 (1998) ஒரே இரவின் நிகழ்வுகளை இரு கதைமாந்தர் வழியாக ஆடச் செய்தது. முதல் ஆட்டத்தில் எடுத்துக்கொண்ட சில பொருள்கள் இரண்டாம் ஆட்டத்தில் கிடைக்காது.

மீள்விளையாடலை வளர்க்கும் கூறுகள்

தற்போக்கு ஆக்கம்

ஆட்டக்களத்தை உருவாக்குநர் கையால் வரையாமல், ஒரு படிமுறைத் தீர்வின் வழியாக ஒவ்வொரு முறையும் கணினியே ஆக்குவது இம்முறையாகும். மைக்கேல் டாய், கிளென் விக்மன் ஆகியோர் கலிபோர்னியாவில் மாணவர்களாக இருந்தபோது 1980ஆம் ஆண்டளவில் எழுதிய ரோக் இதன் முன்னோடிகளுள் ஒன்று. சாகச ஆட்டத்தை எழுதியவருக்கு அதன் புதிர்களெல்லாம் முன்பே தெரியும் என்பதால் அவரே அதை ஆடிச் சுவைக்க இயலாது. ரோக்கின் நிலவறைகளோ ஒவ்வொரு முறையும் புதிதாக அமைந்ததால் எழுதியவர்களையும் வியப்பில் ஆழ்த்தின. இதில் இறந்தால் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். நெட்ஹேக் (1987), ஸ்பெலங்கி (2008), ஸ்லே தி ஸ்பயர் (2019), ஹேடிஸ் (2020) ஆகியவை இம்மரபில் வந்தவை. ஹேடிஸ் ஆட்டத்தில் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னரும் கதை சற்று நகர்வதால் தோல்வியே கதை சொல்லும் கருவியாகிறது.

கணினியின் தற்போக்கு எண்கள் உண்மையில் தற்போக்கானவை அல்ல. "விதை" எனப்படும் ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்கிடப்படுவதால், ஒரே விதை ஒரே வரிசையைத் தரும். டேவிட் பிரேபன், இயன் பெல் இருவரும் எழுதிய எலைட் (1984) இப்பண்பைக் கொண்டு ஒவ்வொன்றிலும் 256 விண்மீன் அமைப்புகளைக் கொண்ட 8 விண்மீன் பேரடைகளை, 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில் அடக்கியது. மைன்கிராஃப்ட் (2011) ஆட்டத்தில் ஒரே பதிப்பில் ஒரே விதையை இடும் இருவர் ஒரே உலகைப் பெறுவர். ஆகவே இந்நுட்பம் முடிவற்ற புதுமையைத் தருவதோடு, விரும்பினால் அதே உலகிற்குத் திரும்பிச் செல்லும் வழியையும் தருகிறது.

முழுமையான தற்போக்குத் தன்மை எப்போதும் இன்பம் தருவதில்லை. டெட்ரிஸ் ஆட்டத்தின் 7 வகைத் துண்டுகளுள் வேண்டிய துண்டு நெடுநேரம் வராதுபோனால் ஆட்டக்காரர் அதனை அநீதியாகவே உணர்வார். எனவே பிற்காலத்தில் வகுக்கப்பட்ட நெறிமுறை, 7 துண்டுகளையும் ஒரு பையில் இட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பது போன்ற முறையைப் பின்பற்றுகிறது. வரிசை மாறும், ஆனால் எந்தத் துண்டும் விடுபடாது.

கிளைக்கதைகள்

ஆட்டக்காரரின் தேர்வுகளுக்கேற்பக் கதை கிளைவிடும்போது, செல்லாத வழியைக் காணும் ஆவல் மீண்டும் ஆடத் தூண்டுகிறது. டியூசு எக்ஸ் (2000), பால்டர்ஸ் கேட் 3 (2023) ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய அண்டர்டேல் (2015) இவ்வாவலையே கேள்விக்கு உட்படுத்துகிறது. இதில் எல்லா உயிர்களையும் கொன்று முடித்தவர், பின்னர் புதிதாகத் தொடங்கி நல்வழியில் ஆடினாலும், ஆட்டம் முந்தைய செயலை மறப்பதில்லை. நல்ல முடிவும் கறைபட்டே அமைகிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலுக்காக மட்டும் மீண்டும் ஆடுவது சரியா என்ற வினாவை அது எழுப்புகிறது.

பல்லாட்டம், சூழலுக்கேற்ற மாற்றம்

எதிரில் ஆடுபவர் மனிதராக இருக்கும்போது எந்த இரு ஆட்டமும் ஒன்றுபோல் அமையாது. வால்வ் நிறுவனத்தின் லெஃப்ட் 4 டெட் (2008) ஆட்டத்தில் "இயக்குநர்" என்னும் நிரற்பகுதி ஆட்டக்காரர்களின் நிலையைக் கவனித்து, எதிரிகள் எப்போது, எங்கு தோன்றவேண்டும் எனத் தீர்மானிக்கும். களம் மாறாவிடினும் நிகழ்வுகள் மாறும்.

பயனர் மாற்றங்கள்

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டூம் (1993) அதன் களத் தரவுகளை இயக்க நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைத்திருந்தது. இதனால் பயனர்கள் தாங்களே புதிய களங்களை உருவாக்க முடிந்தது. இன்றளவும் உருவாக்கி வருகின்றனர். ஹாஃப்-லைஃப் (1998) ஆட்டத்தின் மீது ஆர்வலர்கள் 1999இல் எழுதிய மாற்றமே கவுண்டர்-ஸ்டிரைக் என்னும் தனி ஆட்டமாக 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது.

உளவியல் விளக்கங்கள்

மீண்டும் ஆடுவது ஏன் இன்பம் தருகிறது என்பதற்கு உளவியலாளர் பல விளக்கங்களைத் தருகின்றனர்.

- பழக்கம்: ஒரு தூண்டலை மீண்டும் மீண்டும் சந்திப்பதே அதன்மீது விருப்பத்தை வளர்க்கும் என்பதை இராபர்ட் சயான்சு 1968இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஆட்டத்தின் இசையும் இடங்களும் நாளடைவில் நெருக்கமாவதை இதனால் விளக்கலாம்.
- ஒன்றிய நிலை: ஒரு செயலின் கடினமும் செய்பவரின் திறனும் ஒத்திருக்கும்போது அவர் நேரத்தை மறந்து அதில் ஒன்றிவிடுகிறார் என்பது மிகாய் சிக்சென்ட்மிகாயியின் கருத்து. முன்பு கடினமாக இருந்த பகுதியை மறுமுறை எளிதாகக் கடக்கையில் ஆட்டக்காரர் தம் திறனின் வளர்ச்சியை நேரடியாகக் காண்கிறார். உயர்ந்த கடின நிலையைத் தெரிவு செய்து சமநிலையை மீட்டுக்கொள்கிறார்.
- உள்ளார்ந்த தேவைகள்: ரிச்சர்டு ரயன் முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, திறமை, தன்விருப்பம், பிறருடனான உறவு ஆகிய தேவைகளை ஆட்டங்கள் நிறைவு செய்வதே அவற்றின் ஈர்ப்புக்குக் காரணம் என்றது.
- தன்னை அளத்தல்: கிறிஸ்டல் ரசல், சிட்னி லெவி ஆகியோர் 2012இல், நூல்களை மீண்டும் படிப்போரையும், திரைப்படங்களை மீண்டும் காண்போரையும், சென்ற இடங்களுக்கே மீண்டும் செல்வோரையும் ஆராய்ந்தனர். பலர் அப்படைப்பை நாடுவது பழமை ஏக்கத்தால் மட்டுமன்று. மாறாத ஒன்றின் அருகில் நின்று தாம் எவ்வளவு மாறியுள்ளோம் என்பதை உணர்வதற்காகவும்தான் என்று அவர்கள் கண்டனர். இவ்வாய்வு நிகழ்பட ஆட்டங்களைப் பற்றியது அன்று எனினும், சிறுவயதில் ஆடிய ஆட்டத்தைப் பெரியவரான பின் மீண்டும் ஆடுவோருக்கும் இது பொருந்தும் எனக் கருதலாம்.

விரைவோட்டம்

ஓர் ஆட்டத்தை இயன்ற அளவு குறைந்த நேரத்தில் முடிக்க முயல்வது விரைவோட்டம் எனப்படுகிறது. மீள்விளையாடலின் மிகத் தீவிரமான வடிவம் இதுவே. டூம் ஆட்டத்தில் ஆட்டக்காரரின் விசையழுத்தங்களை மட்டும் சிறு கோப்பாகப் பதிந்து பிறருடன் பகிர வசதி இருந்ததால் 1990களில் இது பரவியது. 1997இல் ஆர்வலர் குழு ஒன்று குவேக் (1996) ஆட்டத்தை அதன் மிகக் கடினமான நிலையில் 19 நிமிடம் 49 வினாடியில் முடித்துக் காட்டியது. 2010ஆம் ஆண்டிலிருந்து நடைபெறும் கேம்ஸ் டன் குயிக் நிகழ்ச்சிகள் விரைவோட்டங்களை நேரலையில் காட்டி, எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகளுக்கு நிதி திரட்டுகின்றன.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (1985) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 32 கட்டங்கள் கொண்ட இதனைக் குறுக்குவழிகள் மூலம் 8 கட்டங்களில் முடிக்கலாம். பெரும்பாலான கட்டங்களின் முடிவில் அடுத்த கட்டத்திற்குச் செல்லலாமா என்பதை ஆட்டநிரல் 21 சட்டகங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ 0.35 வினாடிக்கு ஒருமுறையே சோதிக்கிறது. ஆர்வலர்கள் இதனைக் குறித்த நேரத்திற்கு மட்டுமே புறப்படும் பேருந்துக்கு ஒப்பிடுவர். சற்று முன்னதாக வந்தாலும் பேருந்து கிளம்பும்வரை காத்திருக்கவே வேண்டும். எனவே முழுதாக 21 சட்டகங்களைச் சேமித்தால் மட்டுமே அக்கட்டத்தில் பயன் உண்டு. இவ்வாறு நிரலின் நுட்பங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்ததன் விளைவாக, 2021இல் முதன்முறையாக ஒரு மனிதர் இதனை 4 நிமிடம் 55 வினாடிக்கும் குறைவாக முடித்தார்.

டெட்ரிஸ் ஆட்டத்தின் 1989ஆம் ஆண்டு நின்டெண்டோ பதிப்பிலும் இத்தகைய வளர்ச்சி நிகழ்ந்தது. 29ஆம் கட்டத்தில் துண்டுகள் விழும் விரைவு மனிதரால் சமாளிக்க இயலாதது என நெடுங்காலம் கருதப்பட்டது. புதிய விரல் நுட்பங்கள் கண்டறியப்பட்டபின் அவ்வெல்லை தகர்ந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157ஆம் கட்டம்வரை சென்று, ஆட்டநிரலையே செயலிழக்கச் செய்தான். அவன் பிறப்பதற்கு 20 ஆண்டுகளுக்கும் முன்னர் வெளிவந்த ஆட்டம் அது என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லைகளும் விமர்சனங்களும்

எல்லா நல்ல ஆட்டங்களும் மீண்டும் ஆடத்தக்கவை அல்ல. விடை தெரிந்த விடுகதை மறுமுறை சுவைப்பதில்லை. அவுட்டர் வைல்ட்ஸ் (2019) ஆட்டத்தில் ஆட்டக்காரர் 22 நிமிடம் நீளும் ஒரே காலச் சுழற்சியை மீண்டும் மீண்டும் ஆடுகிறார். அவர் ஈட்டுவது அறிவு ஒன்றே. அந்த அறிவு முழுமையடைந்தபின் முதல்முறை அடைந்த வியப்பை மீண்டும் பெற வழியில்லை. ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018) ஆட்டமும் இத்தகையது. இவற்றின் குறைந்த மீள்விளையாட்டு மதிப்பைக் குறையாகக் கொள்வது பொருந்தாது.

ஆட்டத்தைச் செயற்கையாக நீட்டுவதையும் மீள்விளையாட்டு மதிப்பு என விளம்பரம் செய்வதுண்டு. நோ மேன்ஸ் ஸ்கை (2016) ஏறத்தாழ 18 குவிண்டில்லியன் கோள்களை ஆக்கக்கூடியது. எனினும் வெளியான காலத்தில் அவை ஒன்றுபோல் உள்ளன என்ற விமர்சனம் எழுந்தது. பின்வந்த மேம்பாடுகளால் அவ்வாட்டம் நற்பெயர் பெற்றது. எண்ணிக்கை வேறு, வேறுபாடு வேறு என்பதை இது உணர்த்தியது. எக்ஸ்பாக்ஸ் 360 பொறியுடன் 2005இல் அறிமுகமான சாதனைப் பட்டியல் முறை, விருப்பத்தால் ஆடுவதைக் கடமையாக மாற்றுகிறது என்ற கருத்தும் உண்டு.

ஆட்டத்தின் மீதான கட்டுப்பாட்டை இழந்து, பிற கடமைகளைப் புறக்கணித்து, தீங்கு தெரிந்தும் தொடர்ந்து ஆடும் நிலையை உலக சுகாதார அமைப்பு "ஆட்டக் கோளாறு" என 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த தனது நோய் வகைப்பாட்டில் சேர்த்துள்ளது. ஓர் ஆட்டத்தை விரும்பி மீண்டும் ஆடுவது மட்டுமே இக்கோளாற்றின் அறிகுறி ஆகாது.

மீண்டும் ஆட இயலாமை

அச்சிட்ட நூல் நூறாண்டு கழிந்தாலும் படிக்கக்கூடியது. நிகழ்பட ஆட்டங்களின் நிலை அவ்வாறில்லை. 1980, 1990களின் நினைவகப் பேழைகள் பலவற்றில் சேமித்த ஆட்டம் ஒரு சிறு மின்கலத்தின் உதவியால் காக்கப்படுகிறது. மின்கலம் தீர்ந்ததும் அது அழிந்துவிடும். பழைய பொறிகளும் பழுதடைகின்றன. அமெரிக்காவிலுள்ள நிகழ்பட ஆட்ட வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010ஆம் ஆண்டுக்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு வணிக முறையில் வாங்கக் கிடைக்கவில்லை.

இக்குறையை ஓரளவு நீக்குபவை ஒப்புச்செயலி மென்பொருள்கள் ஆகும். இவை ஒரு பொறியின் வன்பொருள் நடத்தையை மற்றொரு கணினியில் நிரல் வழியாக நிகழ்த்துகின்றன. காசு ஆட்டப் பொறிகளுக்கான மேம் 1997ஆம் ஆண்டிலும், டாசு இயங்குதள ஆட்டங்களுக்கான டாசுபாக்சு 2002ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இணைய ஆவணகம் 2015இல் சுமார் 2,400 டாசு ஆட்டங்களை உலாவியிலேயே ஆடும் வசதியை அளித்தது. எனினும் பதிப்புரிமைச் சிக்கல்கள் நீடிக்கின்றன. விற்பனையில் இல்லாத ஆட்டங்களை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து அணுகத் தருவதற்கான விலக்கை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்தது.

வழங்கிக் கணினியைச் சார்ந்த ஆட்டங்களின் நிலை இன்னும் கடினமானது. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட தி குரூ என்னும் மகிழுந்து ஆட்டம், தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பைக் கோரியது. 2024 மார்ச் 31 அன்று அதன் வழங்கிகள் நிறுத்தப்பட்டதும், விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதனை ஆட இயலாது போயிற்று. இதனையடுத்து, ஆதரவு முடிந்த ஆட்டங்களை ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் எனக் கோரும் இயக்கம் தோன்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவ்வியக்கத்தின் மனு 2025 சூலையில் 10 இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது. எண்ணிமப் பொருள்களின் விற்பனையில் வாங்குபவர் பெறுவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்கவேண்டும் எனக் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

டெட்ரிஸின் 157ஆம் கட்டத்தை ஆட்டக்காரர் ஒருவர் எட்ட முடிந்தது, அவ்வாட்டம் வெளிவந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அதனை இயக்க முடிந்ததனால்தான். உருவாக்குநரே அறியாத இத்தகைய இயல்புகள் மீண்டும் மீண்டும் ஆடுவதனாலேயே வெளிப்படுகின்றன. ஆகவே ஆட்டங்களைப் பாதுகாப்பது என்பது அவற்றின் கோப்புகளைச் சேமித்து வைப்பதை மட்டுமன்றி, அவற்றை ஆடக்கூடிய நிலையில் வைத்திருப்பதையும் உள்ளடக்கும்.

இவற்றையும் பார்க்க

- நிகழ்பட ஆட்டம்
- காசு ஆட்டப் பொறி
- போலித் தற்போக்கு எண் ஆக்கி
- ஒப்புச்செயலி
- எண்ணிமப் பாதுகாப்பு
- டெட்ரிஸ்